நண்பனின் நோட்டுப் புத்தகம்

சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை ‘கூழாங்கல்’ என்ற தமிழ்ப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அதை ஈரானியப் படங்களோடு ஒப்பிட்டு நீ கேட்ட கேள்வி, உன்னை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய பின்னும் என்னை விட்டுப் போகவில்லை. “ஈரானில் தணிக்கை அவ்வளவு கடுமையாக இருப்பதால்தானே ஐயா, அங்கே இவ்வளவு நல்ல படங்கள் வருகின்றன?” என்றாய். இந்த அபிப்பிராயத்தை நன்றாகப் படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். கேட்கும்தோறும் மனம் கசந்திருக்கிறேன். கல்லடி பட்டால்தான் குயில் கூவும் என்று எவனாவது சொன்னால் ஒப்புக்கொள்வாயா?

தணிக்கை இன்றைய ஈரான் புதிதாகக் கண்டுபிடித்த வஸ்து அன்று. மன்னராட்சியிலும் அது இருந்தது. தாரியூஷ் மெஹர்ஜுயி 1969-இல் எடுத்த ‘பசு’ அரசாங்கப் பணத்தில் உருவாகி, அந்த அரசாங்கத்தாலேயே முடக்கி வைக்கப்பட்டது. ஆனால் அதே தணிக்கையின் கீழேதான், பாட்டும் சண்டையும் மதுக்கடை நடனமுமாக, அந்நாட்டு விமரிசகர்கள் ‘ஃபிலிம்ஃபார்ஸி’ என்று இகழ்ந்த படங்களும் வருஷந்தோறும் வந்து குவிந்தன. காரணம் ஒன்றாக இருந்து காரியம் இரண்டுவிதமாக விளையுமானால், காரணத்தை வேறிடத்தில் தேடுவதே தர்க்க முறை. நம் கதையையே பார்: கே. சுப்ரமணியம் 1939-இல் எடுத்த ‘தியாகபூமி’யை வெள்ளைக்கார அரசாங்கம் தடை செய்தது; அந்தத் தடையினால் தமிழ் சினிமாவுக்குப் புதிய கண் ஏதேனும் திறந்ததா?

ஆரம்பத்தில் சினிமாவில் ஈரானியருக்கும் நமக்கும் பெரிய பேதம் இருந்ததில்லை. அர்தேஷிர் இரானியின் பம்பாய் இம்பீரியல் கம்பெனியில் 1931-இல் தயாரான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும் படம். அதே கம்பெனியில் தயாராகி 1933-இல் வெளிவந்த ‘லோர் பெண்’ முதல் பாரசீகப் பேசும் படம். இரண்டு பாஷைகளும் ஒரே ஸ்தாபனத்தில்தான் திரையில் வாய் திறந்தன. பின்னர், ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மாத்திரம் மிஞ்சி நிற்கும் நம் மாடர்ன் தியேட்டர்ஸில், டி. ஆர். சுந்தரம் ஏராளமான படங்களைத் தயாரித்ததும், 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்துத் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்ததும் நீ அறிந்தவையே. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

பின், பாதை எங்கே பிரிந்தது? குழந்தைகளின் நூல்நிலையத்தில் என்பேன். 1960-களின் நடுவில், சிறுவரும் இளைஞரும் அறிவு பெறுவதற்கென்று ‘கானூன்’ என்ற ஸ்தாபனம் ஈரானில் தோன்றிற்று. ஊர்தோறும் நூல்நிலையம் அமைப்பதும், சித்திரங்களோடு கூடிய நூல்களை அச்சிடுவதும் அதன் வேலை. சில ஆண்டுகளில் அது ஒரு சினிமாப் பிரிவையும் தொடங்கி, விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த அப்பாஸ் கியரோஸ்தமியை அதற்கு அழைத்துக்கொண்டது. வசூலைப் பற்றிய கவலையின்றி, ஒரு குழந்தையின் முகத்தைப் பொறுமையாகப் பார்க்கும் பயிற்சி அங்கே சிலருக்குக் கிடைத்தது. பின்னாளில் உலகம் வியந்த ஈரானியப் படங்களில் பலவற்றுக்கு வித்து அதுவே என்பது என் உறுதியான நம்பிக்கை.

1979 புரட்சிக்குப் பின், தன் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணும் திரையில் முக்காட்டோடுதான் தோன்ற வேண்டும், கணவன் வேஷக்காரர் மனைவி வேஷக்காரியைத் தொடலாகாது என்றெல்லாம் விதிகள் வந்தபோது, டைரக்டர்கள் பலர் குழந்தைகளின் கதைகளை நாடினர் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த வழியில் அவர்களுக்கு முன்பே பாதை போட்டு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கானூன் தயாரிப்பில் கியரோஸ்தமி 1987-இல் எடுத்த ‘நண்பனின் வீடு எங்கே’ என்ற படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. தலைப்பு, ஸொஹ்ராப் ஸெபெஹ்ரியின் கவிதையிலிருந்து வந்தது.   கதை இதுதான்: இன்னொரு தடவை வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டு விலக்கிவிடுவேன் என்று வாத்தியார் மிரட்டிய பையனின் நோட்டு, தவறுதலாகப் பக்கத்துப் பையன் அஹ்மதின் பையில் வந்துவிடுகிறது. தாய் வெளியே போக விடவில்லை; மலை மேல் கோணல்மாணலாக ஏறும் பாதையில் அவன் அடுத்த ஊருக்கு ஓடுகிறான். அந்தப் பாதையே படத்துக்காகப் போடப்பட்டது. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நீ பஸ்ஸில் கடந்திருக்கிறாய்; ஒரு குழந்தை நோட்டைக் கையில் பற்றிக்கொண்டு அவற்றை ஓடிக் கடப்பதை எண்ணிப் பார்.

வழி காட்ட வருகிறார் ஒரு கிழவர், ஒரு காலத்தில் அந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் மரக்கதவு செய்தவர். இப்போது இரும்புக் கதவுகள் வந்துவிட்டன. இருட்டுகிறது, பையனோ பறக்கிறான், கிழவரோ தாம் செய்த கதவுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே மெல்ல மெல்ல நடக்கிறார். அவரை விட்டுவிட்டு ஓடவும் அவனால் முடியவில்லை. அந்த நடையை அவசரப்பட்டு வெட்டாத டைரக்டரின் பொறுமை எந்தத் தணிக்கை அதிகாரியிடம் கற்றது, சொல்! மார்க்கைத் தவிர வேறொன்றையும் எண்ணவிடாத விடுதிப் பள்ளிகள் நிறைந்த உன் ஜில்லாவில், தன் பாடத்தை விட்டு அடுத்தவன் நோட்டுக்காக ஓடும் இந்தப் பையனை ஒவ்வொரு பெற்றோரும் பார்க்க வேண்டும். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், வருந்தாதே.

ஈரானிய டைரக்டர் ஜாஃபர் பனாஹியின் பெயரைச் சொல்லி நீ மீண்டும் வாதாடுவாய் என்று தெரியும். படமே எடுக்கலாகாது என்று 2010-இல் 20 வருஷத் தடை விதிக்கப்பட்ட பின்னும் அவர் எடுத்துக்கொண்டேதான் இருந்தார். 2025-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதும் பெற்றார். ஆனால் அவர் அந்தத் தடைக்கு முன்பே, 1995-இல், ‘வெள்ளைப் பலூன்’ எடுத்துவிட்டவர்; அதற்குத் திரைக்கதை எழுதியவரும் கியரோஸ்தமியே. இன்னொரு டைரக்டர் முகமது ரசூலஃப் 2024-இல் சிறையும் கசையடியும் தீர்ப்பான பிறகு மலை வழியே நாட்டை விட்டுத் தப்பினார். அவர்கள் எடுக்க முடியாமற்போன படங்களை யார் கணக்கிடுவது?

நாம் பார்த்த ‘கூழாங்கல்’லும் எந்தத் தணிக்கையும் நெருக்கியதால் பிறந்ததன்று. பி. எஸ். வினோத்ராஜ் அதை ஈரானிலிருந்து கொண்டுவரவில்லை. தம் சகோதரி கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே பிறந்த வீடு வந்து சேர்ந்த சம்பவத்திலிருந்து எடுத்தார். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்ற அந்தப் படத்தை “ஈரானியப் படம் போல” என்று நீ புகழ்ந்தது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை வரும்போது, கானூனுக்காகக் கியரோஸ்தமி 1970-இல் எடுத்த முதல் படமான ‘ரொட்டியும் சந்தும்’ பார்ப்போம். பத்து நிமிஷந்தான். ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. அவன் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறான். நாய் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. சிறுவன் வீட்டுக்குள் போய்விட, நாய் வாசலிலேயே படுத்துக்கொள்கிறது. அப்போது சந்தின் திருப்பத்தில், கையில் கிண்ணத்தோடு இன்னொரு சிறுவன் வருகிறான்.

அன்புடன்,
உன் ஆசிரியர்