பிறவிக் குணமும் வாழ்க்கைச் சூழலும்

'தாயைப்போல பிள்ளை, நூலைப்போல சேலை' என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனையே முழு உண்மையாகக் கொண்டு, ஒருவனுடைய நலமும் நோயும் அறிவும் ஆற்றலும் அவன் பிறந்த கணத்திலேயே முடிவாகிவிட்டன என்று கருதுவோர் பலர். நோய் வந்தால் 'வமிச வழி' என்பர். பிள்ளை படிப்பில் பின்தங்கினால் 'பிறவிக் குணம்' என்பர். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கத்தை விட்டு வந்தவர்கள் நாம். ஆதலின், இதுபற்றி உயிரியல் கூறுவது யாது என அறிந்திருத்தல் நம் கடமையாகும்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆயது. உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மெல்லிய இழை, புரத உருண்டைகளின்மேல் சுற்றப்பட்டு அடங்கியிருக்கிறது. ஓர் அணுவில் உள்ளதை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அவ்விழையில் புரதங்களை ஆக்கும் குறிப்புகளைக் கொண்ட பகுதிகளே மரபணுக்கள். மனிதனிடம் இவை ஏறக்குறைய 20,000 உள. கண்ணின் அணுவிலும் கல்லீரலின் அணுவிலும் இருப்பவை ஒரே மரபணுக்களே. ஆயினும் கண் காண்கிறது. கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. எல்லா மரபணுக்களும் எல்லா இடத்தும் தொழிற்படாமையே இதற்குக் காரணம். சில விழித்திருக்கின்றன, சில உறங்குகின்றன.

உறங்கச் செய்வது எது? கரியணு ஒன்றும் நீரகவணு மூன்றும் கூடிய 'மெதில்' என்னும் சிறு தொகுதி இழையின் சில இடங்களில் ஒட்டிக்கொண்டால், அங்குள்ள மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இழை புரத உருண்டைகளின்மேல் இறுகச் சுற்றிக்கொண்டாலும் அவ்வாறே நிகழும். மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அது படிக்கப்படும் முறையே மாறுகிறது. 'எபிஜெனிடிக்ஸ்' என இன்று வழங்கும் இத்துறையின் பெயரை 1942-இல் கான்ராட் வாடிங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இட்டார்.

தேன்கூட்டை நோக்குவோம். இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து பிறப்பவை. முதல் சில நாட்கள் எல்லாப் புழுக்களும் தாதித் தேனீக்கள் சுரக்கும் பாகினையே உண்கின்றன. பின்னர் வேலைக்காரிக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. இராணியாகப்போவதற்கோ அப்பாகே தொடர்ந்து கிடைக்கிறது. வேலைக்காரி உழைப்புக் காலத்தில் சில வாரங்களே வாழ்கிறது. இராணி சில ஆண்டுகள் வாழ்கிறது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், மெதில் குறிகளை இடும் புரதத்தைப் புழுக்களில் குறைத்துப் பார்த்தனர். அவற்றுள் பெரும்பாலானவை இராணிகளாக வளர்ந்தன.

மனிதருக்கும் இது பொருந்துமா? நெதர்லாந்து நாட்டின் துயரக்கதை ஒன்று இதற்கு விடை தருகிறது. 1944 செப்டம்பரில் அந்நாட்டு இரயில்வே ஊழியர்கள் ஜெர்மானியப் படைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பழிவாங்க, அப்படை நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தது. நவம்பர் இறுதியில் ஒருவரின் நாட்பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. பின்னர் அதிற் பாதியும் கிடையாத நாட்கள் வந்தன. 1945 மே மாதத்தில் விடுதலை கிட்டுமுன் பல்லாயிரவர் மாண்டனர்.

அப்பஞ்சத்தில் கருவான 60 பேரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, பஞ்சத்தைக் காணாத அவர்தம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டனர். 2008-இல் அதன் முடிவு வெளியாயிற்று. உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 என்னும் மரபணுவில், பஞ்சத்தில் கருவானவர்க்கு மெதில் குறிகள் குறைந்திருந்தன. வேறுபாடு சிறிதே, எனினும் ஆறு பதிற்றாண்டுகள் அது அழியாதிருந்தது. கருவின் இறுதி மாதங்களில் மட்டும் பஞ்சத்தைக் கண்டவர்க்கோ, பிறப்பெடை குறைந்திருந்தும் இவ்வேறுபாடு காணப்படவில்லை. எனவே, துன்பம் நேர்ந்தது மட்டுமன்றி, எப்பருவத்தில் நேர்ந்தது என்பதும் முக்கியமாகும்.

இக்குறிகள் மாறவே மாறாதனவும் அல்ல. புகைப்போரின் குருதியணுக்களில் ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவில் மெதில் குறைகிறது. புகைப்பதை விட்டவரிடம் ஆண்டுகள் செல்லச் செல்ல அது பழைய நிலையை நோக்கித் திரும்புகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. உணவாலும் ஒழுக்கத்தாலும் எதையும் மாற்றிவிடலாம் என்று நாம் மயங்கலாகாது. அரிவாளணுச் சோகை மரபணுவின் எழுத்தே மாறியதால் வருவது. அதனை எப்பத்தியமும் அழிக்காது. மேலும், கருமுட்டையும் விந்தும் உருவாகுங்கால் மெதில் குறிகளிற் பெரும்பகுதி துடைக்கப்படுகிறது. ஆகவே, பாட்டனின் பழக்கம் பேரனின் மரபணுவில் குறியாய் நிற்கும் என்பது மனிதரிடத்தில் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

மற்றொன்றும் கருதுக. பிள்ளைக்கு நோய் வந்தால் தாயைக் குறை கூறுவது எளிது. ஆனால் நெதர்லாந்துத் தாய்மார் செய்த பிழை யாது? உணவை மறித்தவர் வேறொருவர். வயிறார உண்ணக் கிடையாத கர்ப்பிணியிடம் நல்லொழுக்கம் பேசிப் பயனில்லை; அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதே முதற்பணி.

சார்பினால் தோன்றுவதே உலகம் என்று கற்றவர் நாம். பிறப்பு ஒரு சார்பு. உணவும் காற்றும் அன்பும் பிற சார்புகள். நூல் நாம் தேர்ந்ததன்று. ஆனால் சேலை தறியிலேதான் உருவாகிறது; அத்தறியில் நம் கையும் அண்டைவீட்டார் கையும் இருக்கின்றன என்பதை மறவாதிருப்போமாக.