கை ஆறட்டும், கோழிகளும் இருக்கட்டும்

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூரைத் தாண்டிப் போனால் தேவதானம். மேற்கே மலை, அடிவாரத்தில் தென்னை, மா, நெல் வயல். இந்தப் பக்கத்து வீடுகளில் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிதான் பெண்களின் சிறுவாட்டுக் காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் திடீர் விருந்தாளிக்கும் அவசர மருந்துக்கும் யாரிடமும் கை நீட்டாமல் எடுத்துக்கொள்ளும் பணம் அது.

இங்கே ஒரு வீட்டுக்காரம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது பண்ணரிவாள் இடது கையில் ஆழமாக இறங்கிவிட்டது. இரண்டு விரல்களின் தசைநாண்கள் அறுந்தன. ஒரு நரம்பும் துண்டானது. அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு வீடு திரும்பியவரிடம் பக்கத்து வீட்டுப் பெண், "மதினி, கோழிய எல்லாம் வித்துப்போடுங்க. கை சரியானதும் புதுசா வாங்கிக்கிடலாம்" என்றார். அக்கறையான யோசனைதான். ஆனாலும் அவர் ஒப்பவில்லை. "இது எங்க அம்மா வீட்டு வர்க்கம். வித்துட்டா திரும்பக் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்.

கோழிகளை விற்காமலே கையையும் காப்பாற்றிக்கொண்டார். அவர் செய்ததெல்லாம் ஒரே திசையில் போன வேலை: கோழி வளர்ப்பில் எங்கெல்லாம் விரல் மடக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் அந்தப் பிடியை இல்லாமலாக்கினார்.

பிடிதான் பகை

தைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். பொதுவாக 6 வாரம்வரை ஸ்பிளிண்ட் என்னும் தாங்குகட்டு போட்டுக் காப்பார்கள். முழுப் பளு தூக்க 12 வாரமாவது ஆகும். அதற்காகக் கையை அசைக்காமல் வைத்திருக்கவும் கூடாது. அசைக்காவிட்டால் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போய்விடும். ஆகவே பிசியோதெரபி பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த அசைவை மட்டும், சொன்ன அளவுக்குச் செய்ய வேண்டும். ஒரு வாளியை இறுக்கிப் பிடித்தாலோ, துள்ளும் சேவலை எட்டிப் பிடித்தாலோ, ஒரே நொடியில் தையல் அறுந்துவிடலாம்.

நரம்பு இன்னும் மெதுவானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். விரலடியில் துண்டான நரம்பு விரல் நுனியை எட்டவே மாதக்கணக்காகும். அதுவரை அந்த இடத்தில் மூங்கில் சிராய் ஏறினாலும் கோழி கொத்தினாலும் தெரியாது.

இந்த ஆபத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஊர்களில் நம் வேலூரும் ஒன்று. 1946-இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்க வைத்தார். அவருடைய நோயாளிகளில் சிலர் காலையில் எழும்போது விரலில் புதிய காயம் இருந்தது. இரவில் காவலிருந்து பார்த்தபோதுதான், உறங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. உணர்ச்சி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி 1971-இல் கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். அறுவை மேசையோடு வேலை முடிவதில்லை, வீட்டில் அந்தக் கை எப்படி நடத்தப்படுகிறது என்பதிலும் பாதி இருக்கிறது.

தேவதானத்துக் கொல்லையிலும் எலி உண்டு. சிந்திய தீவனத்துக்குத்தான் அது வரும். அந்த அம்மா இரவு தட்டில் இரை மிச்சம் வைப்பதை நிறுத்தினார். படுக்குமுன் கண்ணால் பார்த்து விரல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

கொல்லையில் செய்த மாற்றங்கள்

தண்ணீர்: 10 லிட்டர் வாளி நிரம்பினால் 10 கிலோவுக்கு மேல். அதைத் தூக்குவதே இல்லை என்று முடிவானது. குழாயிலிருந்து ஒரு டியூப் இழுத்து, அகலமான மண்சட்டியில் விழும்படி வைத்தார்கள். ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் அளவில் குடிக்கும்; கோடையில் இன்னும் கூடும். சட்டியைக் கழுவ, தரையோடு சேர்த்துக் காலால் சாய்த்துக் கொட்டி, நீள்கைப் பிரஷ்ஷால் வலது கையில் தேய்த்தால் போதும்.

இரை: வளர்ந்த கோழிக்கு நாளைக்குச் சுமார் 100 கிராம் தேவை, மேயும் கோழிக்கு அதிலும் குறைவு. 10 கோழிக்கு ஒரு கிலோ போதும் என்பதால் மூட்டையைத் தொட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மகன் கம்பையும் அரிசிக் குருணையையும் மூடி போட்ட சிறு டப்பாக்களில் பிரித்து வைத்துவிடுவான். ஒரு குவளையால் அள்ளி வீசுவது மட்டும் அம்மாவின் வேலை. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து ஈரப்படுத்தி, மாலையில் கரையான் புற்றருகே கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுக்குக் கரையான் கிடைக்கும். அதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

கதவு: இரும்புத் தாழ்ப்பாளைத் திருகி இழுக்க இரண்டு கையும் வேண்டும். அதை எடுத்துவிட்டு, முழங்கையால் தள்ளினால் சுழலும் மரக்கட்டை ஒன்றை ஆணியடித்தார்கள். பஞ்சாரத்தின் உச்சியில் கயிறு கட்டிக் கிளை வழியாக விட்டதால், வலது கையால் இழுத்தாலே தூக்கிக்கொண்டது. மலையடிவாரத்தில் மரநாயும் கீரியும் உண்டு. ஒரு கையால் மூட முடிகிற கதவு என்றால்தான் ஒருநாளும் மூடாமல் விடமாட்டோம்.

எச்சம்: தினமும் கூட்டிப் பெருக்குவதைத் தவிர்க்க, கூட்டுக்குள் உமியைக் கனமாகப் பரப்பினார்கள். வீட்டில் வேறொருவர் அவ்வப்போது கிளறிவிட்டு, கட்டிதட்டிய இடத்தை அள்ளி எருக்குழியில் போட்டால் போதும். புழுதி பறக்கும் அந்த நேரத்தில் காயக்காரர் கூட்டருகே நிற்கக் கூடாது.

அடை: இதுதான் மனதுக்குக் கடினமான முடிவு. முட்டை பொரிய 21 நாள். அதன்பின் வைரிக்கும் காக்கைக்கும் பயந்து குஞ்சுகளை வாரக்கணக்கில் காக்க வேண்டும். தாய்க்கோழி சீறிக்கொண்டு பாயும். ஆகவே கை ஆறும்வரை அடை வைப்பதில்லை என்று அந்த அம்மா நிறுத்திக்கொண்டார். முட்டைகள் சமையலுக்குப் போயின. மிஞ்சியதை விற்றதில் மருத்துவமனைக்குப் போகப் பஸ் காசு கிடைத்தது.

கட்டும் காயமும்

அவர் கையில் சுற்றியிருந்த பேண்டேஜ் துணிக்குப் பக்கத்து ஊர்களே பேர்போனவை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது பெரும்பாலும் அதைத்தான். அந்தத் துணி நனைந்தால் பயனில்லை, எச்சம் பட்டால் தீங்கு. கட்டுப்போட்ட கை தூளியில் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், தொங்கவிட்டால் வீங்கும். கூட்டுக்குள் அந்தக் கை நுழையவே வேண்டாம். தையல் பிரித்து, தோல் முழுதாக மூடியபின்னும் முட்டை எடுத்ததும் நல்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கோழி எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம்.

காயம் சிவந்து சூடாகித் துடித்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கையில் சிவப்புக் கோடு மேலேறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேற்று மடங்கிய விரல் இன்று திடீரென மடங்கவில்லை என்றாலும் அப்படித்தான். மஞ்சள் பற்றோ கோழி எண்ணெயோ தடவிக் காத்திருக்கக் கூடாது.

கோழிச்சீக்கு வருமுன்

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கொல்லையே காலியாகிவிடும். காயக்காரரால் ஒவ்வொரு கோழியாகத் துரத்திப் பிடிக்க முடியாது. இருட்டியபின் அடைந்த கோழி அசையாது. அப்போது வேறொருவர் எடுத்துக் கூடையில் போட்டு வைத்தால் காலையில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கிராமங்களில் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமை விடக் கூடாது. தீவனத்தோடு குருணையாகக் கொடுக்கும் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அது கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. கோழியைப் பிடிக்கவே வேண்டியதில்லை என்பதால் காயக்காரருக்கு அது பெரிய உதவி.

ஸ்பிளிண்டைக் கழற்றியதும் பழைய வேலை அத்தனையும் ஒரே நாளில் கைக்கு வந்துவிடக் கூடாது. பயிற்சியாளர் சரி என்றபின் முதலில் நாட்டுக்கோழி முட்டை ஒன்று; 40 கிராம் சொச்சம்தான் இருக்கும். பிறகு குவளை, பிறகு அரைச் சட்டித் தண்ணீர். வாளியும் மூட்டையும் கடைசியில்.

மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும்போது "வீட்டில் என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டால் பெண்கள் பலர் "வீட்டு வேலைதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கோழியும் ஆடும் மாடும் அந்தப் பதிலில் வருவதில்லை. எத்தனை கோழி, யார் தண்ணீர் வைக்கிறார், கூடு எப்படித் திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடன் போகும் கணவரும் பிள்ளைகளும் அதைக் கேட்டு, வாளி தூக்கும் வேலையை அன்று மாலையே எடுத்துக்கொள்ளுங்கள்.