டேட்டாபேஸில் தமிழ் வரிசை: எந்த லொகேலை நம்பலாம்?

ஓசூர், பர்கூர் பக்கம் கடைசி ஆண்டு புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் பலர் டேட்டாபேஸைத் தாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் சித்தப்பா மகன் சொன்னதைப் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டிலும் "அண்ணன் சொல்றதைக் கேளு" என்பார்கள். அண்ணன் போஸ்ட்கிரெஸ் என்றால் நல்லதே. ஆனால் நிறுவும்போது லொகேல் (எந்த மொழியின் வழக்கப்படி அடுக்குவது) என்று ஒன்று கேட்குமே, அதைப் பற்றி அண்ணனும் வாய் திறப்பதில்லை. டேட்டாபேஸ் உருவான பிறகு அதை மாற்ற வேண்டுமென்றால், எல்லாவற்றையும் டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றத்தான் வேண்டும்.

எஸ்கியூஎல் தரநிலை 1992-லேயே வரிசைமுறையைக் குறிக்கும் 'கொலேட்' என்பதைக் கொடுத்துவிட்டது. எந்த மொழிக்கு எந்த வரிசை என்பதை மட்டும் அந்தந்த மென்பொருளின் பொறுப்பில் விட்டது. போஸ்ட்கிரெஸ் அதை நெடுங்காலம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தலையில் கட்டியிருந்தது. இன்று 'சி', ஐசியு என்ற தனி நூலகம், சிஸ்டம் லொகேல் என்று மூன்று வழிகள் உண்டு.

'சி' வேகமானது, எந்தக் கணினியிலும் மாறாதது. யூனிகோட் எண்ணை மட்டும் பார்ப்பதால் அனிதா, அன்பு, அமுதா என்று அடுக்கும். நம் அகரவரிசையிலோ அமுதா, அன்பு, அனிதா. அப்படியே தலைகீழ்! யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் போய்விடுகிறது.

"அப்படியானால் சிஸ்டத்தின் தமிழ் லொகேலைப் போட்டால் போச்சு" என்பதுதான் இப்போதைய மோகம். இதைத்தான் வேண்டாம் என்கிறேன். விண்டோஸில் அதற்கு ஒரு பெயர், லினக்ஸில் வேறு பெயர்; லேப்டாப்பில் எடுத்த டம்ப் சர்வரில் முரண்டு பிடிக்கும். அளவில் சிறியது என்று டாக்கரில் அல்பைன் இமேஜை எடுப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை: அதிலுள்ள மஸல் நூலகம் மொழி வரிசையையே பார்ப்பதில்லை. நீங்கள் தமிழ் என்று எழுதி வைத்திருந்தாலும் நடப்பது 'சி' வரிசைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து 2018 ஆகஸ்டில் வந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சி 2.28-இல் வரிசை விதிகள் மாறின. ஆங்கில லொகேலில்கூட அதுவரை 11-க்குப் பின் வந்த 1-1, அதன்பிறகு முன்னால் வந்தது. சிப்காட்டில் பார்ட் நம்பர்கள் எல்லாம் கோடு போட்டவைதானே! நான் பார்த்த ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சர்வரின் ஓஎஸ்ஸை மட்டும் புதுப்பித்தார்கள். இண்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்க, தேடல் புதிய வரிசையில் போனது. கிடங்கில் இருக்கும் சாமான் திரையில் இல்லை. ஸ்டோர்ஸ்காரர் அதே நம்பரை மறுபடி ஏற்றினார். 'யூனிக்' என்று கட்டிவைத்த நெடுவரிசை அதையும் வாங்கிக்கொண்டது. ரீஇண்டெக்ஸ் செய்யப்போனால், இரட்டைப் பதிவுகளைக் கையால் பொறுக்கி எடுக்கும்வரை அது ஓடவில்லை.

ஐசியு 2017-இல் போஸ்ட்கிரெஸின் பத்தாம் பதிப்போடு வந்தது. 2022-இல் பதினைந்தாம் பதிப்பிலிருந்து முழு டேட்டாபேஸுக்கும் போடலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே பெயர், தமிழ் அகரவரிசையும் சரியாக வரும். ஐசியு நூலகத்தைப் புதுப்பித்தாலும் ரீஇண்டெக்ஸ் வேண்டியிருக்கலாம் என்பது உண்மைதான். அதனால் என் பழக்கம்: டேட்டாபேஸ் 'சி'-யில், பெயர் நெடுவரிசைக்கு மட்டும் ஐசியு தமிழ். பார்ட் நம்பர் படித்தே காலம் தள்ளியவனின் ஓரவஞ்சனை என்றாலும் சரி.

இதெல்லாம் நிதானம் கேட்கிற வேலை. பளபளப்பான திரை செய்யப் பிடித்தவர்கள் அதையே செய்யட்டும்; அதற்கும் திறமை வேண்டும். பொறுமையாக ஒரு வரியை நான்கு முறை படிக்கிற பிள்ளையை, ஊரே ஓடுகிறது என்று வேறு பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

புராஜெக்ட் தொடங்குமுன் அமுதா, அன்பு, அனிதா, 11, 1-1 ஆகிய ஐந்தையும் லேப்டாப்பிலும் கல்லூரி சர்வரிலும் வரிசைப்படுத்திப் பாருங்கள். இரண்டும் வேறாக வந்தால் அன்றே லொகேலை மாற்றுங்கள். டேபிள் எதுவும் இல்லாதபோது அது சில நிமிட வேலை.