ரீஃபண்ட் வரவில்லையா? இ-வெரிஃபை செய்தீர்களா?

பேங்க்கில் போட்ட டெபாசிட்டின் வட்டியில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். உங்கள் வருமானத்துக்கு வரியே கிடையாது என்றாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். நான் ஆண்டுதோறும் இதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறேன்.

பிரவுசரில் இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் என்ற முகவரியை (ஆங்கிலத்தில்தான்) நீங்களே டைப் செய்யுங்கள். ரீஃபண்ட் தருவதாக எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம். பான் எண்தான் யூசர் ஐடி. உள்ளே போனதும் ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்து, வட்டியும் பிடித்தமும் சரியா என்று பாருங்கள். பேங்க் கணக்கு ‘வேலிடேட்’ ஆகியிருக்க வேண்டும். ரீஃபண்ட் அதில்தான் வரும்.

படிவத்தை நிரப்பி சப்மிட் கொடுத்ததும் பலர் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “சப்மிட் பண்ணி நாலு மாசம் ஆச்சு சார், பணத்தைக் காணோம்” என்றார். திறந்து பார்த்தேன். இ-வெரிஃபை செய்யவே இல்லை!

வெரிஃபை செய்யாத ரிட்டர்னைத் துறை கையில் எடுக்காது. இதற்குக் கெடு 30 நாள்தான் (2022 ஜூலை வரை 120 நாளாக இருந்தது). தாண்டினால், வெரிஃபை செய்த நாளே தாக்கல் செய்த நாளாகிவிடும். தாமதக் கட்டணமும் வரலாம். ஆதாரில் பதிந்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைத் தளத்தில் டைப் செய்தால் ஒரு நிமிட வேலை. போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் அதைச் சொல்லாதீர்கள்.

கடைசியில் வரும் ஒப்புகைச் சீட்டை பி.டி.எஃப். ஆக டவுன்லோடு செய்து, ஆண்டுவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.