நேர்முகப் பரீட்சையும் தன்மை ஒருமையும்

பெரிய கணினிக் கம்பனிகளிலே ‘புறோகிராம் மனேஜர்’ என்னும் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் பழைய மாணவர் சிலர், நேர்முகப் பரீட்சைக்கு எங்ஙனம் ஆயத்தஞ் செய்வதென எம்மை வினவுவதுண்டு. இதனைத் தமிழாசிரியரிடம் கேட்பதேன் என்று நகைப்பாரும் உளர். ஆயின் அப்பரீட்சையிற் பெரும்பகுதி வினாவும் விடையுமாகிய சொல்லாற்றலே. ஆதலின் சில கூறத் துணிந்தோம்.

முதற்கண் அவ்வுத்தியோகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மைக்ரோசொப்ட் கம்பனியில் 1980களில் எக்செல் என்னும் மென்பொருள் உருவானபோது ஜேப் புளூமென்தால் என்பவர் ஆற்றிய பணியிலிருந்தே இப்பதவி அங்கு வளர்ந்தது. பாவிப்போருக்கு வேண்டுவதை ஆராய்ந்து, எழுத்தில் வகுத்து, நிரல் எழுதுவோரையும் வடிவமைப்போரையும் ஒருவழிப்படுத்துதல் இவர் கடன். பெயரில் ‘மனேஜர்’ என்றிருப்பினும் நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இவருக்குக் கீழ்ப்பட்டவரல்லர். இம்மலரின் ஆசிரியரை எண்ணிப் பார்க்க. கட்டுரை தருவதாகக் கூறி மறைந்த பழைய மாணவரை அவர் பிரம்பெடுத்து அடிக்கவியலுமா? கூகிள், அமேசன் முதலியவற்றில் எதனைச் செய்வது என்பதைப் ‘புறடக்ற் மனேஜர்’ தீர்மானிக்க, புறோகிராம் மனேஜர் பல குழுக்களின் வேலையை உரிய காலத்தில் நிறைவேற்றுவிப்பார். ஆகவே விளம்பரத்தை இருமுறை வாசித்தல் நன்று.

பரீட்சை நாளில் நால்வர் ஐவர் தனித்தனியே வினவுவர். பாதாளச் சாக்கடை மூடி வட்டமாயிருப்பது ஏன் என்பன போன்ற விடுகதைகள் ஒருகாலத்திற் பெருவழக்காயிருந்தன. அவை ஆளை அறிய உதவா என்று கூகிளின் ஆளணித் தலைவராயிருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகவே கூறினார். அவற்றை மனனஞ் செய்து காலத்தைக் கழிக்க வேண்டா.

‘பார்வையற்றோருக்கு ஓர் அலாரக் கடிகாரம் அமைக்க’ என்பது பெயர்பெற்ற வேறொரு வகை வினா. இதனைக் கேட்டவுடன், “பேசும் கடிகாரம்” என விடையிறுப்பவர் தோற்றார். நம் வகுப்பறைகளில் முந்திக் கை உயர்த்தியவனையே மெச்சிப் பழகிய குறை இது. பிறவியிலேயே பார்வை இல்லாதவரா, முதுமையில் இழந்தவரா? செவிப்புலன் உண்டா? அறையில் வேறொருவர் உறங்குகின்றாரா? இவ்வாறு முதலில் வினவுதல் வேண்டும். முதுமையிற் பார்வை இழந்தவர் பலருக்குப் புள்ளியெழுத்துத் தெரியாது. உடன் உறங்குபவர் உளராயின் ஓசையினும் தலையணைக்கீழ் அதிர்வு சிறந்தது. அலாரம் வைத்தபின் அது சரியாக வைக்கப்பட்டதென அவர் எங்ஙனம் அறிவார் என்பதும் ஆராயத்தக்கது. பின்னரே ஒன்றைத் தெரிந்து, எதனைக் கைவிட்டோம், ஏன் என்பதையுஞ் சொல்லுக.

இனி, நம்மவர் பெரிதும் இடறும் இடத்துக்கு வருவோம். “உடன்படாத ஒருவரை இணங்கச் செய்த நிகழ்ச்சி ஒன்று கூறுக” என்பர். நிலைமை, பொறுப்பு, செயல், பயன் என்னும் நான்கும் விடையில் அமைதல் வேண்டும். திறமை மிக்க நம் பிள்ளைகள், “நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்” என்பர். அது அடக்கம், ஆயினும் அமேசன் போன்ற கம்பனிகளில் வினவுவோர் கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு, பின் ஒருங்குகூடி முடிவு செய்வர். அவருள் ‘பார் றெய்சர்’ எனப்படுவார் ஆள்வேண்டிய குழுவைச் சேராதவர். அவருக்கு விண்ணப்பகாரரின் ஆற்றல் சிறிதும் தெரியாது. ‘நாங்கள்’ என்னும் சொல்லினுள் ஒளிந்திருக்கும் ஒருவனை அவர் எவ்வாறு கண்டெடுப்பார்? இக்கட்டுரையில் ‘யாம்’ என எழுதுவது பத்திரிகை மரபு. அங்கே அது செல்லாது. தன் வன்மையை அறியாதாரிடத்துத் தற்புகழ்ச்சி குற்றமன்றென நன்னூற் பாயிரமே விலக்களித்திருக்கின்றது. தோழர் செய்ததைத் தோழர் செய்தாரெனவும், தான் செய்ததை ‘நான்’ எனவும் பிரித்துரைத்தல் உண்மையேயன்றிச் செருக்காகாது.

இறுதியிற் சில நிமிடங்கள் விண்ணப்பகாரர் வினவுதற்கென விடப்படும். “கேட்பதற்கு ஒன்றுமில்லை” என்று எழுந்துவிடலாகாது. சென்ற ஆண்டு இக்குழு செய்ய எண்ணிக் கைவிட்டது யாது, கைவிடுக என்று முடிவு செய்தவர் யார் எனக் கேட்கலாம். விடையிலிருந்து அங்கே புறோகிராம் மனேஜரின் சொல் எவ்வளவு எடுபடும் என்பது தெரிந்துவிடும்.