பேரீச்சம் பாகு காய்ச்சுவோம்

நோன்புக்காக வாங்கிய பேரீச்சம்பழம் பெருநாள் கழிந்த பின்னும் பல வீடுகளில் மிஞ்சிக் கிடக்கிறது. அரபு நாட்டார் அதைப் பாகாக்கி, 'திப்ஸ்' என்று பெயரிட்டு, ரொட்டிக்கும் பாலுக்கும் சேர்த்துக் கொள்கிறார்கள். பஹ்ரைன் கோட்டையில் இதற்கென்றே கட்டிய பழைய அறையின் எச்சத்தை இன்றும் காணலாம். 'மத்பஸா' என்பர். தரையில் வரிசையாக வாய்க்கால்கள். மேலே பழ மூட்டைகளை அடுக்கிவிட்டால் பாரத்திலேயே சாறு கசிந்து சாடியில் இறங்கும். நம்மிடம் அத்தனை மூட்டை ஏது? அடுப்புதான் கதி!

அரைக்கிலோ பழத்தைக் கழுவிக் கொட்டை நீக்கி, ஒன்றரை லிட்டர் கொதிநீரில் இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு அரைமணி நேரம் வேகவைத்து, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். அந்தச் சாற்றை அடிகனமான சட்டியில் ஊற்றிச் சிறுதீயில் காய்ச்ச வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது; அடிபிடித்தால் கசந்துவிடும். ஒரு தம்ளருக்குச் சற்று மேலே கிடைக்கும். வெள்ளைச் சீனி சேர்க்கத் தேவையே இல்லை.

சென்ற ஆண்டு நம் வீட்டில் அவசரப்பட்டுத் தண்ணீராய் இருக்கும்போதே இறக்கி, புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்துவிட்டோம். ஒரு வாரத்தில் மூடி 'டப்'பென்று தெறித்தது. உள்ளே நுரை, புளித்த வாடை. "மறுபடி காய்ச்சினால் ஆகாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆகாது. புளித்துப் போதையேறிய சாற்றைக் காய்ச்சுவதால் அது ஹலாலாகிவிடாது. கொட்டிவிட்டோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பழம் ஊறவைத்த நீரை மூன்றாம் நாள் மாலை வரைதான் அருந்தினார்கள், மிஞ்சியது கொட்டப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. பழம் ஊறப்போட்டு மறந்துவிடும் வீடுகள் இதைக் கவனிக்கட்டும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாடு சென்றபோது நடந்ததை முவத்தாவில் காண்கிறோம். தேன் தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். சாற்றை மூன்றில் இரண்டு பங்கு வற்றி ஒரு பங்கு மிஞ்சும்வரை காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதில் விரலை இட்டுத் தூக்கினார்கள். பாகு விரலோடு இழுபட்டு வந்தது. ஒட்டகத்துக்குப் பூசும் மருந்துபோல் இருக்கிறதே என்று சொல்லிப் பருக அனுமதித்தார்கள். அல்லாஹ் ஹராமாக்கியதைத் தாம் ஹலாலாக்கவில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

நாமும் அந்தப் பதத்தையே பார்க்கிறோம். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் இழுபட வேண்டும். இனிப்பு அவ்வளவு செறிந்துவிட்டால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் அதில் பெருக முடியாது. நீர்த்திருந்தால் பெருகும்.

நன்றாக ஆறியபின், ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஈரக்கரண்டி படக்கூடாது. இயற்கை இனிப்புதானே என்று சர்க்கரை நோயாளிக்குத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள்; இதுவும் சர்க்கரைதான். பிழிந்த சக்கையை எறிய வேண்டாம், கேழ்வரகுக் கஞ்சியில் கலந்தால் பிள்ளைகள் விரும்பிக் குடிக்கிறார்கள்.