கிட்னி மாற்றியாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

நம்பிக்கை: ஆபரேஷன் முடிந்து சில வருடம் நன்றாக ஓடிவிட்டால் உடம்பு புதுக் கிட்னியை ஏற்றுக்கொண்டுவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்.

உண்மை: கூடவே கூடாது. பத்து வருடம் ஆனாலும் நம் நோய் எதிர்ப்புச் சக்திக்கு அது அயல் உறுப்புதான். 1954-இல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றிபெற்ற சிறுநீரக மாற்று சிகிச்சை, ஒரே கருவில் உருவான இரட்டையருக்கு இடையே நடந்தது. அதனால்தான் எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலே அது நிலைத்தது. மற்றவர்களுக்கு, பெற்ற தாயே கொடுத்திருந்தாலும், டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட் போன்ற மருந்துகள் தொடர்ந்தாக வேண்டும். நிறுத்தினால் உடனே வலி வராது, ஆபத்தே அங்குதான். சிறுநீர் வழக்கம்போலப் போகும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருக்கும். அதற்குள் கெட்டது பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது; மறுபடி டயாலிசிஸ்தான்.

செலவு தாங்காமல் நிறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்குமா, விலை குறைந்த கம்பெனி மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். கம்பெனியை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கப் போகும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் பையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்துவிட நேரும்.

நம்பிக்கை: பழமும் நாட்டு மருந்தும் ஒன்றும் செய்யாது.

உண்மை: பம்பளிமாஸ் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதை வெகுவாக இறக்கிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் கிட்னியையே தாக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத லேகியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்பிக்கை: பழைய கிட்னியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பார்கள்.

உண்மை: பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியது அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி இருக்கும்.

நம்பிக்கை: மாற்று சிகிச்சை செய்துகொண்ட பெண் தாயாக முடியாது.

உண்மை: முடியும். ஒரு வருடமாவது கழிந்து, கிட்னி நிலையாக இருக்க வேண்டும். மைக்கோஃபெனோலேட் கருவைப் பாதிக்கும். கருத்தரிப்பதற்கு 6 வாரமாவது முன்பே டாக்டர் அதை வேறு மருந்தாக மாற்றித் தருவார்.

காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே உங்கள் சிறுநீரக டாக்டரிடம் போங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.